பாரதி நகருக்கும் ஒரு பூங்கா



சென்னையின் இரண்டு குடியிருப்புகளிலிருந்து தொடங்குகிறேன். ஒன்று, திருமங்கலத்தில் இருக்கும் ஆசியாட் காலனி. நடுத்தர வருமானக் குடும்பங்கள் வாழும் இடம். மற்றொன்று, தியாகராய நகரில் இருக்கும் பாரதி நகர். வருமானம் குறைந்த குடும்பங்களின் இடம். 1996இல் நீரிழிவு மருத்துவர் வி. மோகனின் ஆய்வுக் குழுவினர் இந்த இரண்டு இடங்களிலும் வீடு வீடாகப் போய், இருபது வயது நிறைந்த 1,262 பேரைப் பரிசோதித்தார்கள். ஆசியாட் காலனியில் நூற்றுக்கு 12.4 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பாரதி நகரில் 6.5 பேருக்கு இருந்தது. சர்க்கரை நோய் வசதியுள்ளவர்களின் நோய் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கணக்கும் அப்படித்தான் வந்தது.

கணக்கெடுத்தவர்கள் அத்தோடு போய்விடவில்லை. கண்டதை அந்த மக்களிடமே திரும்ப வந்து சொன்னார்கள். என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு நடக்கிறோம், ஏன் இந்த நோய் வருகிறது என்று உட்கார்ந்து பேசினார்கள். ஆசியாட் காலனிக்காரர்கள் கேட்டுவிட்டுக் கலைந்துபோகவில்லை. தங்களுக்குள் பணம் திரட்டி, நடப்பதற்கென்று ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் அங்கே நூற்றுக்கு 14.2 பேராக இருந்தது, 58.7 பேராக உயர்ந்தது. எந்த மருத்துவரும் சீட்டில் எழுதிக்கொடுத்து நடக்கிற காரியமில்லை இது.

பத்தாண்டு கழித்து அதே இரண்டு இடங்களிலும் மறுபடி சோதித்தபோது, ஆசியாட் காலனியில் 12.4 என்பது 15.4 ஆகியிருந்தது. பாரதி நகரில் 6.5 என்பது 15.3 ஆகியிருந்தது. ஓரிடத்தில் கால் பங்கு கூடியது; மற்ற இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. வசதியுள்ளவர்களின் நோய் பத்தே ஆண்டில் எல்லோருடைய நோயும் ஆகிவிட்டது.

பூங்காதான் ஆசியாட் காலனியைக் காப்பாற்றியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இருப்பவை இரண்டே குடியிருப்புகள்; அவையும் வருமானம், வேலை, படிப்பு என்று எல்லாவற்றிலும் வேறுபட்டவை. இதை வைத்து ஒரு முடிவை நிரூபிக்க முடியாது. ஆனால், இந்த இரண்டு இடங்களின் கதையை நான் மறக்கவே முடிந்ததில்லை. ஆய்வு நிறுவனம் ஒன்றும் குடியிருப்பில் வாழும் மக்களும் கைகோத்தால் என்ன ஆகும் என்பது ஆசியாட் காலனியில் தெரிகிறது. அந்தக் கைகோப்பு யாரைப் போய்ச் சேரத் தவறுகிறது என்பது பாரதி நகரில் தெரிகிறது. இன்றைய என் பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான்.

முதலில் ‘பார்டர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிற சொல். ‘எனக்கு சுகர் இல்லீங்க, பார்டர்லதான் இருக்கு’ என்கிறார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 100க்கும் 125க்கும் இடையில் இருப்பது ஒரு வகை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140க்கும் 199க்கும் இடையில் இருப்பது இன்னொரு வகை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். பார்டர் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. வேலிக்கு இந்தப் பக்கம்தானே நிற்கிறோம் என்ற நிம்மதி. ஆனால் ஏதாவது செய்தாக வேண்டிய நேரம் அதுதான். ஏனென்றால் அங்கிருந்து திரும்பி வர வழி இருக்கிறது.

வழி இருக்கிறது என்பதை முதலில் காட்டியது சீனாவின் வடகிழக்கில் இருக்கும் டாச்சிங் என்ற எண்ணெய் வயல் நகரம். 1986இல் அங்கே 33 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த ஒரு லட்சத்து பத்தாயிரம் பேருக்கு மேல் சோதித்து, பார்டர் நிலையில் இருந்த 577 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சில நிலையங்களில் உணவு பற்றிய வழிகாட்டல், சிலவற்றில் உடற்பயிற்சி, சிலவற்றில் இரண்டும். மீதி நிலையங்களில் வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு ஆண்டு முடிவில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் நூற்றுக்கு 68 பேர் சர்க்கரை நோயாளிகள் ஆகிவிட்டார்கள். மற்ற மூன்று பிரிவுகளிலும் அது 41க்கும் 46க்கும் இடையில் நின்றது. முப்பது ஆண்டு கழித்தும் அவர்களை விடாமல் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள். வழிகாட்டல் பெற்றவர்களுக்கு நோய் வருவது சராசரியாக நான்கு ஆண்டு தள்ளிப்போயிருந்தது. இதய நோயும் பக்கவாதமும் குறைந்திருந்தன. ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கூடியிருந்தது.

பிறகு பின்லாந்து, அதன் பிறகு அமெரிக்கா. அமெரிக்காவில் 27 மையங்களில் 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். இந்த இரண்டுக்காகவும் பதினாறு பாடங்கள். நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஓராண்டு முன்னதாகவே ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

நம் ஊரிலும் அது நடந்தது. ராயபுரத்துக்காரர்கள் இங்கே இருந்தால் பெருமைப்படலாம். 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் பேராசிரியர் எம். விஸ்வநாதன். 1954இல் ராயபுரத்தில் இந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையை எழுப்பினார். அந்த மரபில் வந்த டாக்டர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. மூன்று ஆண்டில், ஒன்றும் செய்யாத பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்த பிரிவில் 39 பேருக்கு வந்தது. மாத்திரைப் பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மூன்றே ஆண்டில் நூற்றுக்கு 55 பேர் என்பது பயங்கரமான வேகம். டாச்சிங்கில் ஆறு ஆண்டில் 68 ஆனதை நம்மவர்கள் அதில் பாதிக் காலத்தில் நெருங்கிவிடுகிறார்கள். நம் உடம்பில் வேலி தாண்டுவதற்கு நேரம் குறைவு. அடுத்தது இன்னும் முக்கியம். நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. இருந்தும் நோய் குறைந்தது. ‘நான் என்ன குண்டாவா இருக்கேன்?’ என்று கேட்டு ஒதுங்கிக்கொள்கிற ஒல்லியான அப்பாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். எடை இயந்திரத்தின் முள் நகராவிட்டாலும் நடந்த நடை வீண் போவதில்லை.

ஆக, தடுக்க முடியும் என்ற அறிவு டாச்சிங் ஆய்வின் வழியாக 1997இலேயே அச்சில் வந்துவிட்டது. நம் ஊருக்குப் பொருந்தும் என்ற சான்று 2006இல் வந்துவிட்டது. அப்படியிருந்தும், 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் பார்டர் நிலை என்று கணித்தது. அந்த 13.6 கோடிப் பேரும் மருத்துவரைப் பார்க்க வரிசையில் நின்றால், வேறு எந்த நோயாளிக்கும் இந்த நாட்டில் இடம் இருக்காது. அறிவு இருக்கிறது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கைகள் இல்லை. மருத்துவமனைக்குள் அந்தக் கைகள் ஒருநாளும் போதிய அளவில் இருக்கப்போவதில்லை. வெளியே தேட வேண்டும்.

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்தில் இரண்டு ஆய்வாளர்கள் அப்படி வெளியே தேடினார்கள். இண்டியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ரொனால்ட் ஏக்கர்மனும் டேவிட் மரேரோவும். அமெரிக்கப் பெரும் ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்றுநர் இருந்தார். முதல் ஆண்டில் ஆளுக்குச் சுமார் 1,400 டாலர் செலவு. அந்தச் செலவில் நாடு முழுவதற்கும் செய்ய முடியாது. எனவே அந்தப் பதினாறு பாடங்களையும் குழுவாக உட்காரவைத்து நடத்தும்படி மாற்றினார்கள். நடத்தும் பொறுப்பை ஒய்.எம்.சி.ஏ.விடம் கொடுத்தார்கள். நமக்கு ஒய்.எம்.சி.ஏ. என்றால் நந்தனம் மைதானமும் புத்தகக் காட்சியும் நினைவுக்கு வரும். அங்கே அது நீச்சல் குளமும் உடற்பயிற்சிக்கூடமுமாக ஊர் ஊருக்கு இருக்கிறது. மக்கள் ஏற்கெனவே போய்வருகிற, முகம் தெரிந்த இடம்.

அந்தச் சோதனையில் இருந்தவர்கள் 92 பேர்தான். ஒரு கிளையில் சுருக்கமான அறிவுரை மட்டும் சொன்னார்கள். இன்னொரு கிளையில் பாடங்கள் நடத்தினார்கள். பாடம் நடத்தியவர்கள் மருத்துவர்கள் கிடையாது, ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களே. ஆறு மாதத்துக்குள் பாடம் கேட்டவர்களின் எடை 6 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 2 சதவீதம் குறைந்தது. ஓராண்டு தாண்டியும் அந்தக் குறைவு நிலைத்தது. 2008இல் இந்த முடிவு வெளிவந்தது. 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தேசியத் திட்டமாக நடத்த வழி செய்தது. 2018 ஏப்ரலில் மூத்த குடிமக்களுக்கான மெடிகேர் காப்பீடு இந்தப் பாடங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஒய்.எம்.சி.ஏ.வுடன் நடத்திய முன்னோட்டத்தில் பதினைந்து மாதத்தில் ஆளுக்கு 2,650 டாலர் மிச்சமாகியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். 92 பேரிடம் நடந்த சிறு சோதனை பத்தே ஆண்டில் நாட்டின் காப்பீட்டுக்குள் இடம்பிடித்திருக்கிறது. பல்கலைக்கழகம் தன் கையில் இருந்ததைப் பிறர் கையில் கொடுக்கத் துணிந்ததால்தான் அது முடிந்தது.

சென்னையில் இந்தப் பாடங்கள் பலிக்குமா? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து 578 பேரிடம் அதைச் சோதித்தன. எமரி பக்கத்தில் இதில் பங்கெடுத்த வெங்கட் நாராயண் நம் நாட்டிலிருந்து போன மருத்துவர். வாரம் ஒரு வகுப்பாகப் பதினாறு வகுப்புகள். பிறகு அவற்றைத் தொடர்ந்து எட்டு வகுப்புகள். நான்கு மாதத்துக்குப் பிறகும் சர்க்கரை அளவு இறங்காதவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின். மூன்றாண்டு முடிவில் நோய் வருவது 32 சதவீதம் குறைந்தது. ஆனால் வகுப்புக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நடந்தால் போதும், மருந்தே வேண்டாம் என்று மேடையில் பேசுவது எளிது. அப்படிப் பேசினால் இந்தச் சான்றுக்கு நாம் உண்மையாக இல்லை என்று அர்த்தம்.

அந்த ஆய்வில் இன்னொரு நுட்பம் வெளிப்பட்டது. குளுக்கோஸ் குடித்த பிறகு ஏறும் சர்க்கரையோடு வந்தவர்களிடம் வகுப்புகள் நன்றாக வேலை செய்தன. இரண்டு வகையும் சேர்ந்தே இருந்தவர்களிடம் நோய் வருவது 36 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் ஏறியிருந்தவர்களிடம் 12 சதவீதம்தான் குறைந்தது. பார்டர் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் ஒரே நிலையில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் செய்து முடிக்க வேண்டிய வேலை இன்னும் நிறைய இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

வகுப்புக்கு வர நேரமே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்றும் யோசித்திருக்கிறார்கள். டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் லண்டன் இம்பீரியல் கல்லூரியோடு சேர்ந்து, வேலைக்குப் போகும் 537 ஆண்களில் பாதிப் பேருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு ஆண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. 2013இல் வெளியான முடிவு இது. செலவு என்று பார்த்தால் அற்பம்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த முயற்சி. கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறது நெய்யாற்றின்கரை வட்டம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் கழகமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும் அங்கே சேர்ந்து வேலை செய்தன. எந்த ஊரில், யாரைச் சேர்ப்பது? அவர்கள் எடுத்துக்கொண்ட அலகு வாக்குச்சாவடிப் பகுதி. எனக்கு இது மிகவும் அழகான யோசனையாகத் தோன்றுகிறது. ஒரே சாவடியில் ஓட்டுப் போடுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். பட்டியலும் தயாராக இருக்கிறது. அறுபது சாவடிப் பகுதிகளில் 1,007 பேர்.

அவர்களைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தில் ரத்தம்கூடத் தேவைப்படவில்லை. சென்னையில் உருவான ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. நான்கே கேள்விகள். வயது என்ன? இடுப்புச் சுற்றளவு எவ்வளவு? உடலுழைப்பு உண்டா? அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை உண்டா? நூற்றுக்கு அறுபதோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து அதிகம். தையற்காரர் கையில் இருக்கும் நாடா ஒன்று போதும். அறுபதை எட்டியவர்களுக்கு மட்டும் பிறகு ரத்தப் பரிசோதனை.

ஒவ்வொரு குழுவிலும் அந்தக் குழுவுக்குள்ளிருந்தே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தலைவர்களாக வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டில் நடந்த பதினைந்து கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அவர்களே நடத்தினார்கள். வீட்டுத் தோட்டம் போடக் கற்றுக்கொண்டார்கள், யோகா செய்தார்கள், சேர்ந்து நடந்தார்கள். அக்கம்பக்கத்து அக்காவும் அண்ணனும் சொல்லும்போது, ‘ஐயோ, அரிசியைக் குறைக்கச் சொல்கிறார்களே’ என்ற பயம் குறைகிறது. அவர்கள் வீட்டு அடுப்பிலும் அதே அரிசிதானே வேகிறது.

முடிவு என்ன? இரண்டு ஆண்டில் பாடம் பெற்ற பகுதிகளில் 14.9 சதவீதம் பேருக்கும், பெறாத பகுதிகளில் 17.1 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது தற்செயலாக வந்திருக்காது என்று உறுதி சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. ஆய்வாளர்கள் அதை அப்படியே எழுதினார்கள். காய்கறியும் பழமும் சாப்பிடுவது கூடியிருந்தது, மது அருந்துவது குறைந்திருந்தது என்பதையும் எழுதினார்கள். தோற்றுவிட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் பார்டர் நிலையையே எட்டாதவர்கள். காலமும் இரண்டே ஆண்டு. டாச்சிங்கில் ஆறு ஆண்டு ஆனது, முப்பது ஆண்டு காத்திருந்தார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அமைப்பு. பல்கலைக்கழகத்துக்காரர்கள் பின்வரிசையில் போய் உட்கார, ஊர்க்காரர் முன்னால் நின்று பேசிய அந்த அமைப்பு.

செங்கல்பட்டு மாவட்டத்துச் சூணாம்பேட்டிலும் ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. நாற்பத்திரண்டு கிராமங்கள். விழித்திரையைப் படம் பிடிக்கும் கருவியோடு ஒரு வண்டி. இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மருத்துவர்களோடு தொடர்பு. உலக நீரிழிவு அறக்கட்டளையின் உதவி. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி. ஒரு வேலைக்கு எத்தனை வகையான கைகள் சேர வேண்டியிருக்கிறது என்று காட்டுவதற்காகச் சொன்னேன்.

ஆராய்ச்சி அரசின் வழியாக ஊரெங்கும் போய்ச் சேர்ந்ததற்கும் நம்மிடம் எடுத்துக்காட்டு உண்டு. டாக்டர் வி. சேஷையா கர்ப்பிணிகளுக்கென்று ஓர் எளிய முறையை முன்வைத்தார். சாப்பிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், ஒரே ஒரு ரத்தச் சோதனை. வெறும் வயிற்றோடு பேருந்து ஏறி வந்து மயங்கி விழுகிற கர்ப்பிணிகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்கள் அதை ஏற்றுக்கொண்டன. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் பிள்ளை பிறந்த பிறகு அவளைக் கூப்பிட்டு, ‘வாம்மா, மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவோம்’ என்று சொல்பவர்கள் எத்தனை பேர்? தடுப்பு எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே நாம் அவளை விட்டுவிடுகிறோம்.

நான் பல ஆண்டுகள் சமூக மருத்துவம் கற்பித்தவன். ஒரு முறை மாணவர்களோடு ஒரு கிராமத்தில் கணக்கெடுக்கப் போயிருந்தேன். ஒரு பாட்டி கையை நீட்டவே இல்லை. ‘போன வருஷமும் இப்படித்தான் ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க தம்பி. என்ன இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல’ என்றார். முந்தைய ஆண்டு வந்தவர்கள் வேறு ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதனால் என்ன? அந்தப் பாட்டிக்கு நாங்கள் எல்லோரும் ஒரே கூட்டம்தான். வெள்ளைக் கோட்டுப் போட்டு வருகிறவர்கள், ரத்தம் எடுத்துப் போகிறவர்கள். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை மாணவர்களை உட்காரவைத்து, முடிவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்காமல் இனி யாரிடமும் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கக் கூடாது என்று சொன்னேன். ஆசியாட் காலனியில் பூங்கா எழுந்ததற்கும் அந்தப் பாட்டி கையை மூடிக்கொண்டதற்கும் இடையில் இருக்கும் வேறுபாடு, நிறுவனம் திரும்ப வந்ததா இல்லையா என்பதுதான்.

திரும்ப வந்தாலும் என்ன பேசுவது என்பதில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. எத்தனையோ வீடுகளில் பட்டினியை ஓட்டிய அரிசி அது. அந்த வீட்டுக்குப் போய், ‘அரிசியை விடுங்கள், சிறுதானியம் வாங்குங்கள்’ என்று சொன்னால், நாம் அவர்களுடைய பணப்பையைப் பார்க்காமல் பேசுகிறோம் என்று பொருள். தட்டில் சோற்றைக் கொஞ்சம் தள்ளி, முருங்கைக் கீரைக்கும் பயறுக்கும் சுண்டலுக்கும் இடம் விடச் சொல்லலாம். ஆனால் பயறும் காய்கறியும் மலிவாகக் கிடைக்கச் செய்வது அந்தக் குடும்பத்தின் கையில் மட்டும் இல்லை. பல்கலைக்கழகம் கூட்டுச் சேர வேண்டியவர்கள் பட்டியலில் உணவுத் துறை வர வேண்டும். மாலையில் பெண்கள் பயமின்றி நடக்க வெளிச்சமும் நடைபாதையும் வேண்டுமென்றால் மாநகராட்சி வர வேண்டும். இவர்களை விட்டுவிட்டு மருத்துவர்கள் மட்டும் கூடிப் பேசினால், பாரதி நகருக்கு அறிவுரை போய்ச் சேரும். பூங்கா போய்ச் சேராது.

இன்று நம்மிடம் 1996இல் இல்லாத ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. அதன் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு எந்தச் சந்தில் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது தெரியும். நெய்யாற்றின்கரையின் குழுத் தலைவர்களுக்கு ஈடான ஆட்கள் நமக்கு ஏற்கெனவே தெருத்தெருவாக இருக்கிறார்கள். நோய் வந்தவருக்கு மாத்திரை கொடுக்கும்போதே, அவருடைய மகனுக்கும் மகளுக்கும் அந்த நான்கு கேள்விகளைக் கேட்டு, ஆபத்தில் இருப்பவர்களை ஒரு குழுவாகச் சேர்க்கலாம். அதற்கு அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். செய்கிற வேலைக்கு ஏற்ற ஊதியம் வேண்டும். கூடுதல் சுமையை மட்டும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, கட்டுரையில் நம் பெயரைப் போட்டுக்கொள்வது அநியாயம்.

பயிற்சி யார் கொடுப்பது? தமிழ்நாட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே குடும்பத் தத்தெடுப்பு இப்போது இடம்பெற்றுவிட்டது. ஒவ்வொரு மாணவரும் மூன்று முதல் ஐந்து குடும்பங்களை ஏற்று, முதலாண்டு தொடங்கிப் பல முறை போய்ப் பார்த்து வர வேண்டும். இதைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காக முடித்துவிடலாம். அப்படி முடிந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன். ஒரு மாணவர் ஐந்து குடும்பம் என்றால், நூறு மாணவர் படிக்கும் ஒரு வகுப்பு ஐந்நூறு குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் அறிந்திருக்கும். எந்த ஆராய்ச்சி நிதியாலும் எளிதில் வாங்க முடியாத உறவு அது.

இந்த அரங்கின் பின்வரிசைகளில் மருத்துவ மாணவர்கள் பலர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தம்பிகளே, தங்கைகளே, அடுத்த முறை உங்கள் குடும்பங்களைப் பார்க்கப் போகும்போது ஒரு இடுப்பளவு நாடாவை எடுத்துப் போங்கள். நான்கு கேள்விகளையும் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரிடமும் கேளுங்கள். அறுபதைத் தாண்டியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே அழைத்துப் போங்கள். முடிவு வந்ததும், அடுத்த வாரமே, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து சொல்லுங்கள்.